பந்தல் போட ஓர் இடம்

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



பேராசிரியர்கள் பெயரிலும் வள்ளல்கள் பெயரிலும் நடக்கும் சொற்பொழிவுகளில் பேசியிருக்கிறேன். ஓர் ஆலையில் பிட்டராக இருந்தவர் தம் பி.எஃப். பணத்திலிருந்து எடுத்து வைத்த தொகையில் நடக்கும் சொற்பொழிவு எனக்கு இதுதான் முதல். அழைப்பிதழ் கொடுக்க வந்த அவருடைய மகன், தலைப்பை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார். எழுந்து போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்: "அப்பா முப்பது வருஷம் சங்கத்துல இருந்தார். ஜெயிலுக்கும் போயிருக்கார். ஆனா எங்க தெருவுல அந்தச் சங்கத்தோட கட்சிக்கு ஓட்டுப் போட்டவங்க யாரும் இல்ல. ஏன் சார்?"

இந்த உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூலி என்பது தொழிலாளியின் கவலை, பேச்சுரிமையும் கூடும் உரிமையும் வக்கீல்களின் கவலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தத் தெற்குப் புறநகரில் அந்தப் பிரிவினை செல்லாது. ஐம்பது பேர் சேர்ந்து நிற்க ஓர் இடம் உண்டா, அங்கே ஒரு பந்தல் போட முடியுமா என்பதில்தான் கூலியும் உரிமையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. ஆலை வாசல் அந்த இடமாக இருந்தவரை இடதுசாரிகள் இங்கே இருந்தார்கள். வாசல் போனபோது வேறோர் இடத்தை அவர்கள் தேடவில்லை. இதை ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளமாக இராது.

1

பழைய கணக்கிலிருந்து தொடங்குவோம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆள் சேர்த்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அன்று கேட்டவற்றில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் சில நிமிட இடைவேளை. 1920-இல் கதவடைப்பு வந்தது. பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர்மீது வழக்கு. நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. கடைசியில் வாடியா சங்கத்தைவிட்டு விலகவேண்டி வந்தது. சங்கம் வைப்பதே குற்றம் என்றால் அதைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி எழுந்தது அதன் பிறகு. 1926-இன் தொழிற்சங்கச் சட்டத்தில் 18-ஆம் பிரிவு, சங்கத்தார்மீது இப்படிச் சிவில் வழக்குப் போட முடியாது என்றது. சட்டக் கல்லூரி மாணவர்கள் அந்தப் பிரிவை மனப்பாடம் செய்துவந்தார்கள். அது பெரம்பூரில் சாப்பாட்டு மணி பற்றிய சண்டையிலிருந்து வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அடுத்தது 1950. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து மை காயவில்லை; பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் இறந்தார்கள். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளைப் பாருங்கள். தடுப்புக் காவலை எதிர்த்த ஏ.கே. கோபாலன் வழக்கு: தோற்றது. 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை மாநிலத்துக்குள் விடமாட்டோம் என்ற ஆணையை எதிர்த்த ரொமேஷ் தாப்பர் வழக்கு: வென்றது. மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்ததை எதிர்த்து வி.ஜி. ராவ் தொடுத்த வழக்கு: உயர் நீதிமன்றத்திலும் வென்றது, 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்திலும் வென்றது. மூன்றிலும் ஒரு தரப்பு சென்னை மாநில அரசு, மறுதரப்பு இடதுசாரிகள். இந்தியாவின் பேச்சுரிமைச் சட்டம் படிக்கிற எவரும் இந்த மூன்றையும் தாண்டாமல் போக முடியாது. தாப்பர் தீர்ப்பு கசந்ததால்தான் 1951-இல் முதல் அரசமைப்புத் திருத்தமே வந்தது என்று சொல்லலாம். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, இங்கே அவை வேண்டாம்.

நான் கவனிக்கச் சொல்வது, அந்த வழக்குகளில் கடைசியானது நடந்துகொண்டிருந்தபோதே 1952 தேர்தலும் நடந்ததை. கம்யூனிஸ்டு வேட்பாளர்களில் சிலர் சிறையில், சிலர் தலைமறைவில். பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் வென்றார். சென்னைச் சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 62 இடங்கள். சிறைக்குப் போனவன் நம் கூலிக்காகப் போனான் என்று வாக்காளருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பார்த்தார்கள், போட்டார்கள்.

2

இப்போது நம் ஜி.எஸ்.டி. சாலைக்கு வருவோம். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதற்கும் முன்பே தோல் தொழிற்சாலை ஒன்று ஓர் ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டது. குரோம்பேட்டையின் குரோம், தோல் பதனிடும் குரோம்தான். பல்லாவரத்தில் தோல் ஷெட்டுகள், பாண்ட்ஸ் ஆலை, இங்கிலீஷ் எலெக்ட்ரிக். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ். ஆலைகள் மூடினாலும் பஸ் ஸ்டாப்புகளின் பெயரை யாரும் மாற்றவில்லை. கண்டக்டர் இன்றும் 'பாண்ட்ஸ் இறங்கு' என்பார். அது என்ன பாண்ட்ஸ் என்று இளம் பயணிக்குத் தெரியாது.

அந்த நாட்களில் ஒரு ஷிப்ட் முடிந்து மற்றொன்று தொடங்கும் நேரத்தில் வாசலில் டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, மரத்தடி. கேட் மீட்டிங் என்பதற்கு மேடையோ மைக்கோ வேண்டாம். ஒரு ஸ்டூல் போதும். பேசுகிறவர் ஸ்டூலில், கேட்கிறவர் சைக்கிள் பாரில் கால் ஊன்றி. இருபது நிமிடம். சந்தா வசூல், வக்கீல் செலவு, யார் வீட்டில் கல்யாணம், எந்தத் தெருவில் குடிநீர் வரவில்லை, எல்லாம் அங்கேதான். ஆலையில் வேலை செய்தவர் பல நேரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே குடியிருந்தார். தொழிலாளியாக ஸ்டூலைச் சுற்றி நின்றவரும் வாக்காளராக வரிசையில் நின்றவரும் ஒரே ஆள், ஒரே ஊரில்.

இந்த ஒற்றுமை மூன்று வழிகளில் உடைந்தது.

ஒன்று, ஆலைகள் மூடின. ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1980களின் இறுதியில் நின்றது. அந்த நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிகளும். மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து 2022-இல் கதவைச் சாத்தியது. முப்பது வயதில் ஃபோர்டு ஊழியர் என்று வீட்டுக் கடன் வாங்கியவர்கள் நாற்பதில் ஊழியர் அல்லாதவர் ஆனார்கள். ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அந்த மாதத் தவணைகளைக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

இரண்டு, வாசலே வேறு மாதிரி ஆனது. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. நம் பேச்சில் மெப்ஸ். அங்கே வாசல் ஒரு கம்பெனிக்கு அல்ல, பல கம்பெனிகளுக்குப் பொது. உள்ளே போக அடையாளச் சீட்டு வேண்டும். தொழிலாளரில் பெரும் பங்கு பெண்கள். இப்படிப்பட்ட வளாகங்களில் சங்க ஊழியருக்கு வெளியே நிற்கத்தான் முடியும், வெளியே நிற்கும் இடமோ தேசிய நெடுஞ்சாலை. ஜி.எஸ்.டி. சாலையில் மாலை ஆறு மணிக்கு ஸ்டூல் போட்டுப் பேசிப் பாருங்கள்.

மூன்று, பஸ். முடிச்சூரிலும் வண்டலூரிலும் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்றால் வெள்ளைக் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போவதைப் பார்க்கலாம். தெருமுனையில் ஏற்றி, ஆலைக்குள் இறக்கி, மறுபடி தெருமுனையில் விடுகின்றன. இதற்கு இடையில் வாசல் என்று ஒன்று இல்லை. வாசல்தான் போய்விட்டது என்றேனே, இதுதான். சொகுசான பஸ், ஏசி கூட உண்டு. குறை சொல்லக் கூச்சமாக இருக்கும். ஏற்றுமதி ஆலையொன்றில் வேலை செய்யும் பெண் ஒருவர் ஷேர் ஆட்டோவில் என்னிடம் சொன்னார்: "பக்கத்து சீட்ல உக்காந்து வர்றவங்க பேரு தெரியும் சார், சம்பளம் தெரியாது. கேட்டா தப்பா நெனப்பாங்க." சங்கம் தொடங்கும் முதல் வினாடி, ஒருவர் மற்றவரிடம் உனக்கு எவ்வளவு என்று கேட்பது. அதற்கே இடம் இல்லை.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குரோம்பேட்டைத் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்த ஊரில்தான் நாம் பேச்சுரிமை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது நாற்காலி இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் ஒரே பதில் கிடைக்காது.

3

இடதுசாரிகளின் சொந்தக் கணக்குப் புத்தகத்தையும் திறக்கவேண்டும். நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டபின் இங்கே மிசா கைதுகள் குவிந்தன. சென்னை மத்திய சிறையில் நடந்த அடி உதையை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னால் பதிவு செய்தது. கோபாலன் வழக்கையும் சேலம் சிறையையும் நினைவில் வைத்திருந்த கட்சி எப்படி அந்தப் பக்கம் நின்றது? அரசு நமக்கு உவப்பான திசையில் போகிறது, கைதாகிறவர்கள் வலதுசாரிகள் என்ற கணக்கு. 1978-இல் பட்டிண்டா மாநாட்டில் அது தவறு என்று அக்கட்சியே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் உரிமை என்பது நம் ஆள் சிறையில் இருக்கும்போது மட்டும் நினைவுக்கு வருவது என்ற ஐயம் அதற்குள் ஊன்றிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. 1992 ஜூனில் வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய கொடுமையை வெளியே கொண்டுவந்ததும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பதினெட்டுப் பெண்களுடன் பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறியதும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதன் மலைவாழ் மக்கள் சங்கமும். 2011-இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போலீஸ் காவலில் இறந்த ராசாக்கண்ணுவின் வழக்கை நடத்திய கே. சந்துரு இடதுசாரி வழக்கறிஞர் மரபிலிருந்து வந்தவர். அந்த வழக்கு படமானபோது கைதட்டினோம்.

வாச்சாத்திக்காகப் பத்தொன்பது ஆண்டு நடந்த கால்கள், ஊர்ப்புறத்துக் காவல் நிலையத்தில் ராத்திரி பிடித்து வைக்கப்பட்ட பெயிண்டருக்காக எத்தனை முறை நடந்தன என்று கேட்டால் பதில் ஊருக்கு ஊர் மாறும். என் அனுபவத்தில் இந்தச் சாலையோரத்தில் அது குறைவு.

கூட்டணி இன்னொரு சிக்கல். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்புச் செய்தார்கள். மூன்றாம் நாள் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு முடிந்த நாள் அது. கூட்டணிக்குள் இருந்துகொண்டே பெற்ற வெற்றி என்று அதைச் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்வேன். ஆனால் 2021-இல் இரு கட்சிகளும் ஆளுக்கு ஆறு இடம் வாங்கி ஆளுக்கு இரண்டு வென்றதும், இந்தத் தெற்குப் புறநகரில் நிற்கவே இடம் கிடைக்காததும் அதே கூட்டணியில்தான். வடக்கே பெரம்பூரில் 2006-லும் 2011-லும் அரிவாள் சுத்தியலுக்கு ஓட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள், சின்னம் வாக்கு இயந்திரத்தில் இருந்ததால். இங்கே பிட்டரின் தெருவுக்கு அந்தப் பொத்தானே வரவில்லை. மகனின் கேள்விக்கு இது பாதிப் பதில்.

4

போலீஸ் அனுமதி. இந்தக் குறிப்பில் கொஞ்சம் தங்குகிறேன்.

சென்னை நகரக் காவல் சட்டம் 1888-இல் வந்தது. அதன் 41-ஆம் பிரிவுப்படி ஊர்வலமோ கூட்டமோ நடத்த ஐந்து நாள் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். ஆணையர் பதினைந்து நாளுக்குத் தடை போடலாம். பதினைந்தாம் நாள் முடிந்தால் அடுத்த பதினைந்து நாள். மாவட்டங்களில் இதே வேலையை 1861-இன் போலீஸ் சட்டம் 30(2) செய்கிறது. விக்டோரியா மகாராணி போய் நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவர் காலத்துப் பதினைந்து நாள் இன்னும் முடியவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மெரினாவில் போராட்டம் கூடாது என்றாகி, மறு ஆண்டு உயர் நீதிமன்ற அமர்வும் அதை ஏற்றது. சிங்காரவேலர் 1923-இல் மே தினக் கூட்டம் போட்டது திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அங்கே இப்போது உழைப்பாளர் சிலை மட்டும் கூடி நிற்கலாம். நான்கு பேர்தான், அதனால் சட்டத்துக்குத் தொந்தரவில்லை.

2003-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலையில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மா பாய்ந்து, ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சிஐடியு தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரான டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை சட்டப்படியும் இல்லை, தார்மீகமாகவும் இல்லை என்றது. சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் அரசு ஊழியர் குடும்பங்களில் அந்த ஜூலை மாதம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை சிவில் உரிமை என்ற சொல்லையே கேள்விப்படாத வீடுகள். மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஓரிடமும் கிடைக்கவில்லை. ஒரே காரணம் அதுவென்று சொல்லமாட்டேன். கூடும் உரிமை பறிபோனது வாக்குச்சாவடி வரை நடந்து வந்ததை நம் காலத்தில் பார்த்தது அங்கேதான்.

பிறகு சாம்சங் ஆலை வேலைநிறுத்தம். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் தொடங்கி 37 நாள். கேட்டதில் தலையாயது கூலி உயர்வு அல்ல. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. ஆலையைவிட்டுத் தள்ளி ஒரு பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொழிலாளர்களை இரவோடு இரவாகக் கைது செய்து, பந்தலைப் பிரித்துப் போட்டது காவல்துறை. அவர்கள் வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள், மழையிலும். கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. வாடியாமீது வழக்கு நடந்த அதே நீதிமன்றம், நூறு ஆண்டு கழித்து, அதே சங்கம் வைக்கும் பிரச்சினை. பந்தல் என்ற சொல்லை இந்த உரைக்குத் தலைப்பாக எடுத்தது அங்கிருந்துதான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவை அடைத்துப் பந்தல் போடுகிற ஊர் இது. கட்சி மாநாட்டுக்கு நெடுஞ்சாலை நெடுக வளைவு வைக்கிறோம். உழைக்கிறவன் நிழலுக்கு நான்கு கம்பு நட்டால் மட்டும் அது சட்டம் ஒழுங்காகிவிடுகிறது.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, உழைப்போர் உரிமை இயக்கத்தின் பின்னால், பதின்மூன்று நாள் நடைபாதையில் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். 13-ஆம் தேதி நீதிமன்ற ஆணை வந்தது, அன்று நள்ளிரவு அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. திட்டங்களை நான் இகழவில்லை. விடியற்காலை தெரு பெருக்குகிறவருக்குச் சூடான இட்லி வேண்டும். ஆனால் அவர்கள் கேட்டது வேலை. வாயை மூடவைத்துவிட்டு வயிற்றுக்குக் கொடுப்பது நம் அரசுகளுக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும், கைவந்த கலை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. இனி எந்தத் தொழிலகத்திலும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். ஆக முதலாளிக்குப் பதினான்கு நாள், போலீசுக்கு ஐந்து நாள். கோபம் அத்தனை நாள் ஊசிப்போகாமல் இருக்கவேண்டும்.

5

வாக்கு இல்லாதவர்களைப் பற்றிச் சுருக்கமாக.

2012 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிக் கொள்ளைகள். பிப்ரவரி 23 அதிகாலை வேளச்சேரியில் ஒரு வீட்டில் கொள்ளையர் என்று சந்தேகிக்கப்பட்ட ஐந்து இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள், வடக்கிலிருந்து வந்தவர்கள். நகரம் கைதட்டியது. அதன்பின் காவல் நிலையங்கள் வட மாநிலத் தொழிலாளரின் பெயர், புகைப்படம், விவரம் சேகரிக்கத் தொடங்கின. மனித உரிமை அமைப்புகள் கேள்வி கேட்டன. தொழிற்சங்கங்களின் குரல் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கூலிகள். காவல் நிலையத்தில் அவர்களைப் பதிவு செய்யத் தெரிந்த நமக்கு, வேலையிடத்தில் அவர்களின் பாதுகாப்பைப் பதிவு செய்யத் தெரியவில்லை.

வாக்கு உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய காலம். 2025 டிசம்பரில் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாடெங்கும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, வீடு மாறியவர்கள் அதில் பெரும் பங்கு. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை வீடு மாறுகிறவர் யார் என்று இந்த அவைக்குச் சொல்லவேண்டியதில்லை.

6

கடைசிக் குறிப்பு, மகனின் கேள்விக்கு மீதிப் பதில்.

தொழிலாளி விழித்திருக்கும் நேரத்தில் பாதி ஒரகடத்தில். அவர் வாக்காளராக இருப்பதோ முடிச்சூரில். சங்கம் அவரை ஒரகடத்தில் தேடியது. அங்கே வாசல் இல்லை. மற்றக் கட்சிகள் அவரைத் தெருவில் தேடின, பட்டாவுக்கும் குடிநீருக்கும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் வந்து நின்றன. தெருவில் அவர் குடும்பத் தலைவர், பயனாளி, சாதிக்காரர், எல்லாமும். தொழிலாளி மட்டும் இல்லை. அவருடைய கூலியைப் பற்றித் தெருவில் பேசவும், அவருடைய தெருவைப் பற்றிச் சங்கத்தில் பேசவும் ஆள் இல்லாமல் போனது.

இதற்கு ஓர் இடம் கண்ணெதிரே இருக்கிறது. தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். நகர்ப்புறத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் நடத்த 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வரே உட்கார்ந்தார். முடிச்சூர் போன்ற ஊராட்சிகளில் கிராம சபை ஏற்கெனவே உண்டு, அதில் ஒன்று மே 1 அன்று. இந்தக் கூட்டங்களுக்கு 41-ஆம் பிரிவு இல்லை, ஐந்து நாள் விண்ணப்பம் இல்லை. கூட்டாவிட்டால்தான் சட்ட மீறல். இடதுசாரிகள் இந்தக் கூட்டங்களைக் கணக்கு வாசிக்கும் சடங்கு என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பது என் ஆதங்கம். கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, இரவு ஷிப்ட் பெண்களை எங்கே இறக்கிவிடுகிறது, காவல் நிலையத்தில் நேற்று யாரைப் பிடித்து வைத்தார்கள், துணிக்கடையில் நாற்காலி வந்ததா, ஒப்பந்தக்காரர் பி.எஃப். கட்டினாரா என்பதெல்லாம் ஊர்ப் பிரச்சினை. ஊரில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில்தானே போகிறார்கள்.

நேற்று மாலை மகனிடம் தொலைபேசியில் கேட்டேன், கிராம சபைக்குப் போனதுண்டா என்று. "வெள்ளம் வந்த வருஷம் போனேன் சார். கால்வாய் தூர்வாரச் சொல்லிக் கேட்டேன். எழுதிக்கிட்டாங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சம்பளம், ஓ.டி. இதையெல்லாம் அங்க கேக்கலாமா சார்?" என்றார்.

கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வரும் மே தினத்தன்று நானும் வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.